இரண்டு வேலை பார்க்கும் நொதி

சர்க்கரை முற்றினால் கண் போகும், கிட்னி போகும், கால் போகும். வேப்பந்தட்டைப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் மடமடவென்று சொல்லிவிடுவார். கால் பெருவிரலை எடுத்த சித்தப்பா, டயாலிசிஸுக்குத் திருச்சிக்கு நடையாய் நடக்கும் மாமா என்று சொந்தத்திலேயே சாட்சியும் வைத்திருப்பார். இந்தப் பட்டியலில் மூளை கிடையாது. அப்பாயி அடுப்பில் பால் வைத்ததை மறந்தால், வெங்காயம் விற்ற காசை எண்ணும்போது தடுமாறினால், பெற்ற மகளைத் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டால், சர்க்கரைமேல் யாரும் பழி போடுவதில்லை. வயசாயிடுச்சு, அறளை பேசுது, அவ்வளவுதான். இருபது வருஷமாக அந்த உடம்பில் குடியிருக்கும் சர்க்கரைக்கும் நேற்று வந்த மறதிக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் இருக்கலாம் என்ற எண்ணம் வீட்டாருக்கு வருவதில்லை. மாத்திரை எழுதித் தருகிறவர்களில் பலருக்கும் வருவதில்லை.

இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொன்னவர்களில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். 55 வயதைத் தாண்டிய ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்து, சர்க்கரை உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்று 1999இல் எழுதினார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது இன்னும் அதிகமாக இருந்தது. நோய் முற்றியவர்கள்தான் இன்சுலினுக்குப் போகிறார்கள் என்பதால் அந்த எண்ணை மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனாலும் இன்சுலின் என்ற சொல் மூளையோடு சேர்த்துப் பேசப்பட அது ஒரு காரணமாயிற்று. பிறகு வந்த ஆய்வுகளில் எண் ஏறி இறங்கியதே தவிர, தொடர்பு இல்லையென்று ஆகவில்லை. 2024இல் லான்செட் ஆணையம் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று வகுத்த 14இல் சர்க்கரையும் ஒன்று.

இங்கே என்ன நிலை? இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிறது அதே ஆண்டு வெளியான இன்னொரு தேசிய ஆய்வு. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்பதும் அதில் இருக்கிறது. நகரத்து நோய், படித்தவர்களின் நோய், வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களின் நோய் என்று நாம் நினைத்திருந்ததெல்லாம் கவிழ்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் களத்துமேட்டில் வாழ்ந்து முடித்த பெண்கள்தான் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

வேப்பந்தட்டை அப்படிப்பட்ட பெண்களின் ஊர். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், மேற்கே பச்சைமலையை வைத்துக்கொண்டு கிடக்கும் வானம் பார்த்த பூமி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது, மண் அப்படி. பருத்தியை ஓரங்கட்டிவிட்டு மக்காச்சோளம் வந்து வெகுநாளாகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் தானியம் நிற்கிறது, ஆனால் அது கோழிக்குப் போகிற தானியம். கம்பும் சோளமும் வரகும் தின்று வளர்ந்த தலைமுறை, இப்போது மூன்று வேளையும் ரேஷன் அரிசியில் இருக்கிறது. பழைய சாப்பாட்டைப் புகழ்ந்து ஏங்குகிற கட்டுரைகள் தமிழில் போதுமான அளவு வந்துவிட்டன, இது அதில் ஒன்றல்ல. கம்பங்கூழ் குடித்த காலத்தில் வயிறு நிறையக் குடித்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் உண்டு. பசியில் கருவாகிப் பசியில் பிறந்த பிள்ளை, பின்னால் கொஞ்சம் வசதி வந்ததும் சர்க்கரைக்குச் சுலபமாக இரையாகிறது என்று புனேயில் யாக்னிக் குழு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. "நான் குச்சி மாதிரி இருக்கேன், எனக்கு எப்படி சுகர்?" என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். அந்தக் குச்சி உடம்புகளில் பல வருஷங்கள் இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்துகொண்டிருக்கும். தசையும் கல்லீரலும் அதன் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் கணையம் இன்னும் இன்னும் அனுப்பும். சர்க்கரை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது.

நொதியின் கதை இங்கேதான் நுழைகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, சரி. வேலை முடிந்த இன்சுலின் எங்கே போகிறது? ரத்தத்தில் அது சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. அமெரிக்காவில் ஆர்தர் மிர்ஸ்கியும் ப்ரோ-கானும் 1949இல், திசுக்களின் சாற்றில் இன்சுலினை உடைக்கும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு அதற்கு இன்சுலினேஸ் என்று பெயர் வைத்தார்கள். மிர்ஸ்கிக்கு ஓர் ஆசை இருந்தது: இந்த உடைக்கும் பொருளைத் தடுத்துவிட்டால் இருக்கிற இன்சுலினே கூடுதல் நேரம் நிற்குமே, அதுவே சர்க்கரைக்கு மருந்தாகுமே. நியாயமான ஆசைதான். இன்று அந்தப் பொருளை இன்சுலின் சிதைக்கும் நொதி என்கிறோம். துத்தநாக அணு ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பெரிய புரதம்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் அதைச் சர்க்கரை ஆய்வாளர்கள் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1994இல் ஜப்பானில் குரோச்கினும் கோட்டோவும் வேறொரு வாசலிலிருந்து அதே நொதியிடம் வந்து சேர்ந்தார்கள். டிமென்ஷியாவின் ஒரு வகையான ஆல்சைமர் நோயில் மூளைச் செல்களுக்கு வெளியே படியும் பீட்டா அமிலாய்டு என்ற சிறு புரதத்தையும் இந்த நொதி பிடித்து வெட்டுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். 1906இல் அலோய்ஸ் ஆல்சைமர் ஒரு பெண்ணின் மூளையை வெட்டி நுண்ணோக்கியில் கண்ட படிவின் மூலப்பொருள் அது. 1998இல் ஹார்வர்டின் டெனிஸ் செல்கோ ஆய்வகம், மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா இந்த நொதியை வெளியே விடுவதையும் அது அமிலாய்டை உடைப்பதையும் கண்டது. 2003இல் இந்த ஒரே ஒரு நொதிக்கான மரபணுவை நீக்கிய எலிகளைப் பார்த்தார்கள். அவற்றின் ரத்தத்தில் இன்சுலின் ஏறியிருந்தது, குளுக்கோஸைத் தாங்கும் திறன் குறைந்திருந்தது, மூளையில் பீட்டா அமிலாய்டு கூடியிருந்தது. இரண்டு நோய்களின் அடையாளம் ஒரே எலியில், ஒரே இழப்பினால்.

2006இல் சிகாகோவில் வெய்-ஜென் டாங் குழு அதன் வடிவத்தை வெளியிட்டது. இரண்டு பாதிகள் சேர்ந்து மூடிக்கொள்ளும் ஒரு சிற்றறை அது. உள்ளே போகும் புரதத்தின் எழுத்துவரிசையை அது அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அளவையும் மின்னேற்றத்தையும் வளைந்து கொடுக்கும் பாங்கையும் பார்க்கிறது. 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலின் உள்ளே நுழையும். 40, 42 கொண்ட பீட்டா அமிலாய்டு நுழையும். 29 கொண்ட குளூககானும் 37 கொண்ட அமைலினும் நுழையும். அமைலின் இன்சுலினோடு சேர்ந்தே கணையத்தில் சுரப்பது. சர்க்கரை நோயில் கணையத்திலேயே அமிலாய்டாகப் படிவதும் அதுதான். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்ட அமிலாய்டை இந்த நொதியால் ஒன்றும் செய்ய முடியாது, சிற்றறை கொள்ளாது. தனித்தனியாக மிதக்கும்போதே பிடித்தால்தான் உண்டு.

மக்காச்சோள அறுவடை நேரத்தில் ஊருக்கு ஒரே எடைமேடை இருந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய லாரிகள் வரிசையாக நின்றுகொண்டு, ஏறினால் இறங்க நேரமும் எடுத்தால், மூட்டை ஏற்றிய டாட்டா ஏஸ் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இன்சுலின் இந்த நொதியோடு இறுகப் பிணைகிறது, ஆனால் மெதுவாகத்தான் வெட்டுப்படுகிறது. அமிலாய்டின் பிடிப்பு தளர்ச்சியானது. ஆகவே இன்சுலின் மிகுந்த இடத்தில் அமிலாய்டு காத்திருக்கிறது. காத்திருக்கும் அமிலாய்டு ஒன்றோடொன்று ஒட்டுகிறது. ஒல்லியான உடம்பில் பதினைந்து இருபது வருஷம் சத்தமில்லாமல் மிகுந்து ஓடிய இன்சுலினுக்கும் எழுபது வயது மறதிக்கும் இடையில் இப்படி ஒரு பாதை போடலாம்.

இந்தப் பாதை அழகாக இருப்பதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கட்சி. ரத்தத்து இன்சுலினும் மூளைக்குள் இருக்கும் இன்சுலினும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை. ஆல்சைமர் நோயாளிகள் சிலருக்கு ரத்தத்தில் இன்சுலின் கூடியும் மூளைத் தண்டுவட நீரில் குறைந்தும் இருப்பதை சூசன் கிராஃப்ட் 1998இலேயே காட்டியிருக்கிறார். அப்படியானால் மூளையில் வரிசையே இல்லையே? அதற்கும் ஒரு விடை இருக்கிறது: இன்சுலின் தன் பேச்சு கேட்கப்படும் செல்லில், தன்னைச் சிதைக்கும் நொதியைத் தானே கூடுதலாக உண்டாக்கச் செய்கிறது. பேச்சு எடுபடாத இடத்தில் நொதியின் உற்பத்தியே குறைந்துபோகலாம். வேலை மிகுந்து திணறுகிறதா, ஆளே குறைந்துவிட்டதா என்பது திசுவுக்குத் திசு வேறுபடலாம். விளைவு ஒரே பக்கம்தான் சாய்கிறது.

மிர்ஸ்கியின் ஆசை என்ன ஆயிற்று? 2014இல் ஹார்வர்டின் டேவிட் லியூ குழு எலியின் உடம்புக்குள் நிலைத்து நின்று இந்த நொதியைத் தடுக்கும் ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்தது. வாய்வழி குளுக்கோஸ் கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. ஊசிவழி கொடுத்த எலிகளுக்கு நிலைமை மோசமாயிற்று. இன்சுலின் நின்றதுபோலவே, சர்க்கரையை ஏற்றிவிடும் குளூககானும் உடைபடாமல் நின்றுவிட்டது. நாளைக்கு இப்படி ஒரு மாத்திரை வந்து, அது மூளையையும் எட்டினால், சர்க்கரையைச் சரிசெய்கிறேன் என்று அமிலாய்டுக்குக் கதவு திறந்துவிடாதா என்ற கவலையும் கூடவே வருகிறது. இரண்டு வேலை பார்ப்பவரைத் தடுத்தால் இரண்டும்தானே நிற்கும்.

இன்னொரு நொதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிலிப் கோஹென் ஆய்வகம் 1980இல் கண்ட கிளைகோஜன் சிந்தேஸ் கைனேஸ் 3. சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கும் வேலையை பாஸ்பேட் ஒட்டி நிறுத்திவைப்பது அதன் தொழில். சாப்பிட்டதும் வரும் இன்சுலின் இதை அடக்கி உட்காரவைக்கும், சேமிப்பு தொடங்கும். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள், நரம்புச் செல்லுக்குள் முடிச்சாகிக் கிடக்கும் டௌ புரதத்துக்கு பாஸ்பேட் ஒட்டுவது யார் என்று தேடிப் போனார்கள். கிடைத்த ஆள் இதே நொதி. இன்சுலினின் அதட்டல் எடுபடாத மூளையில் இது அடங்காமல் டௌவுக்கு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டே போக, டௌ தான் தாங்கிநிற்க வேண்டிய நுண்குழலை விட்டுக் கழன்றுவிடுகிறது. ஆல்சைமர் நோயின் இரண்டு அடையாளங்களிலும், வெளியே படிவும் உள்ளே முடிச்சும், இன்சுலினோடு புழங்கும் ஒரு நொதியின் கை இருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் சுசான் டி லா மாண்ட் 2005இல் ஆல்சைமருக்கு மூன்றாம் வகை சர்க்கரை நோய் என்று பெயர் வைத்தார். பத்திரிகைகளுக்குப் பிடித்துப்போன பெயர். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெயர் வைத்ததும் விஷயம் முடிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.

முடியவில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள். மூக்கு வழியாக மூளைக்கு இன்சுலின் செலுத்திப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனையின் முடிவு 2020இல் வந்தது, மறதி குறையவில்லை. சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் உலகமே தேடி ஓடும் செமாக்ளூடைடை ஆரம்பநிலை ஆல்சைமருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முற்றும் வேகம் குறையவில்லை என்று நோவோ நோர்டிஸ்க் நிறுவனமே 2025 நவம்பரில் அறிவித்தது. இவை போக, இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில், சர்க்கரை இருந்தவர்களிடம் அமிலாய்டு கூடுதலாக இல்லை. கூடுதலாக இருந்தவை சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்பின் தழும்புகள். காலையும் கிட்னியையும் எடுத்த அதே கைதான் மூளையிலும் வேலை பார்த்திருக்கிறது. போதாததற்கு, எந்த நொதியின் உதவியும் இல்லாமலே சர்க்கரை புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதச் சராசரி என்று லேபில் பார்க்கும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டிய சர்க்கரையின் அளவுதான். ஹீமோகுளோபின் மூன்று நான்கு மாதத்தில் புதிதாகிவிடும். ரத்தக்குழாய்ச் சுவரின் புரதங்கள் பல வருஷம் அப்படியே கிடக்கும்.

நொதி பொய்யா என்றால், பொய்யில்லை. எலியில் நிரூபணமான உண்மை, மனிதரில் பல காரணங்களுள் ஒன்று. ஆனால் வேப்பந்தட்டையில் ஒரு வீட்டுக்குள் இந்த இரண்டு நோயும் சந்திக்கும்போது, முதலில் கண்ணில் படுவது மூலக்கூறு அல்ல, மாத்திரை அட்டை. சர்க்கரையைப் போல நோயாளியின் ஞாபகத்தை நம்பி நடத்தப்படும் வைத்தியம் வேறு குறைவு. காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ராத்திரி ஒன்று, மாதம் ஒருமுறை ரத்தம், பாதத்தைத் தினமும் பார், வெறுங்காலில் நடக்காதே. இத்தனையும் நினைவில் வைக்க வேண்டிய உறுப்பே பழுதானால்?

"மாத்திரை போட்டீங்களா அப்பாயி?"

"போட்டேம்மா."

"சாப்பிட்டீங்களா?"

"அதான் போட்டேனே."

கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சோறு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுத்துவிடும். போட்டதை மறந்து இன்னொன்று போட்டாலோ, போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தாலோ சர்க்கரை தாழ்ந்துபோகும். உடம்பு எடையில் 2 சதவீதம்தான் இருக்கும் மூளை, உடம்பின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது; தாழ்ச்சியை அதனால் தாங்க முடியாது. வட கலிபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குப் பின்னால் டிமென்ஷியா வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தாழ்ந்த தடவைகள் கூடக் கூட அதுவும் கூடியது. மறதி தாழ்ச்சியைக் கொண்டுவருகிறது, தாழ்ச்சி மறதியைக் கொண்டுவருகிறது. இந்தச் சுற்றை அறுக்க மருத்துவர் மாத்திரையை மாற்றலாம், வயதானவருக்குச் சர்க்கரை இலக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம். மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுபவருக்கு பி12 குறைந்து அதனாலேயே மறதி வந்திருந்தால், அதை ஊசியோ மாத்திரையோ கொடுத்துத் தேற்றலாம். இவையெல்லாம் இன்றைக்கே கையில் இருக்கும் வழிகள். ஆனால் மறதி இருக்கிறது என்று முதலில் யாராவது கவனிக்க வேண்டும்.

கவனிப்பதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் வீடுவீடாக நிரப்ப வகுத்த படிவத்தில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. நெருங்கியவர்களின் பெயரையோ வீட்டு முகவரியையோ மறக்கிறீர்களா என்ற கேள்வி அதில் இருக்கிறது. நல்லெண்ணத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் முகவரியை மறக்கும் நிலை வருவதற்குள் பல வருஷம் ஓடிவிட்டிருக்கும். அதோடு, பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் ஒரு தெருவில் பிறந்து அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவருக்கு முகவரி எதற்கு? அவர் வழி தவறினால் ஊர் கூட்டிவந்து விட்டுவிடும். மறதியை ஊர் தாங்கிக்கொள்வதாலேயே அது வெளியே தெரிவதில்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனுக்கு போனில் பேசும் அம்மா நன்றாகத்தான் பேசுகிறார். பேச்சு கெடுவது பெரும்பாலும் பின்னால்தான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவரும் பெண் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், யார் வீட்டில் என்ன என்று தெரிந்தவர். அவருக்குப் புதிதாக ஒரு படிவம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்; ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. பழைய அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தால் போதும். நாளுக்கு இரண்டு வீதம் 30 நாளுக்கு 60 மாத்திரை கொடுத்த வீட்டில் 25 மிச்சம் இருந்தால் ஏதோ சரியில்லை. வயிறு எரிகிறது என்று நிறுத்தியிருக்கலாம், கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் எடுத்துப்போகாமல் இருந்திருக்கலாம், கேட்டால் தெரியும். கேட்டு, காரணம் சொல்லத் தெரியாமல் அப்பாயி விழித்தால், அடுத்த மாதமும் அப்படியே விழித்தால், முகவரிக் கேள்விக்குச் சில வருஷம் முன்னதாகவே நமக்கு விடை கிடைத்துவிடுகிறது. மாதம் முடியும் முன்பே அட்டை காலியாகியிருந்தால் அது இன்னும் அவசரம்: அன்றைக்கே சர்க்கரை பார்த்துவிட்டு, மாத்திரை டப்பாவை மருமகள் கைக்கு மாற்ற வேண்டும், மருமகள் இல்லாத வீடானால் எதிர்வீட்டுக்காரியின் கைக்கு.